ஜான் மெக்கஹெர்னைக் கைவிட்ட சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பொதுச்செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள், அயர்லாந்து தேசிய ஆசிரியர் சங்கம், பார்னெல் ஸ்கொயர், டப்ளின்.

தோழர்களே, வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்கும் படிக்க வராது என்று தெரியும், பரவாயில்லை. உங்கள் பெயரைப் போட்டு எழுதினாலும் உண்மையில் இதைப் படிக்கப்போகிறவர்கள் எங்கள் ஊர் வாத்தியார்கள். அவர்களும் மாதாமாதமோ வருஷத்துக்கு ஒரு தடவையோ ஏதோ ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள்தான். யாராவது ஒருவர் மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்பினால் நல்லது, அனுப்பாவிட்டாலும் நஷ்டமில்லை.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். சம்பளத்தை அரசாங்கம் போடுகிறது, பள்ளியை நடத்துவது தாளாளர். அந்தக் காலத்தில் உங்கள் ஊர் தேசியப் பள்ளிகளிலும், அதாவது ஆரம்பப் பள்ளிகளிலும், இதே ஏற்பாடுதான்: அரசுப் பணம், கத்தோலிக்கச் சபையின் நிர்வாகம், தாளாளர் நாற்காலியில் பங்குத்தந்தை. அதனால் 1965இல் டப்ளினின் கிளாண்டார்ஃப் பகுதிப் பள்ளியில் ஒரு வாத்தியாரைக் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதைப் படித்தபோது எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் தேவைப்படாது.

அந்தப் பள்ளியில் ஒரு முப்பது வயது வாத்தியார் இருந்தார், பெயர் ஜான் மெக்கஹெர்ன். பிற்பாடு உங்கள் நாட்டின் மிகச் சிறந்த நாவலாசிரியர்களில் ஒருவர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சிக்கல் வந்த நாளில் அவர் உங்கள் தொழிலைச் செய்த ஒரு ஆள், அவ்வளவுதான். இந்தக் கடிதமும் அந்த ஆளைப் பற்றியதுதான், எழுத்தாளரை உலகம் பார்த்துக்கொண்டது.

அவருடைய அம்மாவும் ஆசிரியை. இது உங்கள் ஆட்கள் பலருக்கே மறந்திருக்கலாம். சூசன் மெக்கஹெர்ன், லீட்ரிம் மாவட்டத்துச் சின்னச் சின்ன கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். ஏழு பிள்ளைகள், மூத்தவர் ஜான், 1934இல் பிறந்தவர். அப்பா காவல்துறை சார்ஜண்ட். பக்கத்து ராஸ்காமன் மாவட்டத்துக் கூட்ஹால் என்ற ஊரில் காவல் நிலையக் குடியிருப்பில் தனியாக இருந்தார், எப்போதாவது வந்து போவார். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிய நேரத்தில் அந்த மனிதர் செய்தது என்ன தெரியுமா? வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு வர ஒரு லாரியை அனுப்பி, பிள்ளைகளையும் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். உள்ளே அம்மா சாகக் கிடக்கிறார், வீட்டில் இரும்புக் கட்டில்களை அடித்துக் கழற்றுகிற சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் விடைபெற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா இறந்தபோது அடக்கத்துக்கும் போகவில்லை. பத்து வயதுகூட நிரம்பாத பையன் கூட்ஹாலில் கடிகாரத்தைப் பார்த்தபடி, இப்போது பூசை ஆரம்பித்திருக்கும், இப்போது பெட்டியைத் தூக்கியிருப்பார்கள், இப்போது கல்லறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். 1944இல் நடந்த இதை அவர் தன் கையால் நேரடியாக எழுதியது 2005இல், அவருடைய தன்வரலாற்றில். அதற்கு முன்னால் வந்த நாவல்களிலெல்லாம் இது வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டேதான் இருந்தது.

அப்புறம் அந்த அப்பாவோடு காவல் நிலையக் குடியிருப்பில் வளர்ந்தது. அடி உதை தாராளம். அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே வெளிச்சம் மொரோனி என்ற புராட்டஸ்டண்ட் குடும்பத்தின் வீடு. அப்பனும் மகனுமாக இருவர், தேனீ வளர்ப்பு, கவனிப்பாரில்லாத வீடு, ஆனால் வீடு நிறையப் புத்தகம். பையனை எதை வேண்டுமானாலும் எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். இது நல்லது அது கெட்டது என்று யாரும் பொறுக்கிக் கொடுக்கவில்லை. சாக்குப்பை நிறைய எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவருவானாம். புத்தகத்தைத் தணிக்கை செய்கிற ஒரு நாட்டில், ஒரு கத்தோலிக்கப் பையனுக்கு இப்படி ஒரு வாசல் திறந்து கிடந்தது. அதைத் திறந்து வைத்தவர்கள் பள்ளியும் இல்லை, சபையும் இல்லை. நான் வாத்தியார் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

படித்தார், டிரம்காண்ட்ராவில் புனித பேட்ரிக் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி முடித்தார், கிளாண்டார்ஃபில் வேலை. 1963இல் முதல் நாவல், 'தி பாரக்ஸ்'. ஒரு காவல் சார்ஜண்டின் இரண்டாம் மனைவி, லண்டனில் நர்ஸாக இருந்து திரும்பியவள், புற்றுநோயில் மெல்ல மெல்லச் சாகிறாள், கதை அவ்வளவுதான். எல்லோரும் கொண்டாடினார்கள், விருது கொடுத்தார்கள், அரசுக் கலை மன்றம் மெக்காலே நல்கை கொடுத்தது (நம் மெக்காலே இல்லை, பயப்பட வேண்டாம்). அந்தப் பணத்தில் பள்ளியில் ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு வெளிநாடு போனார். அங்கே இருக்கும்போது பின்லாந்துக்காரரான அன்னிக்கி லாக்ஸி என்ற நாடக இயக்குநரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். கோயிலில் இல்லை. இதைக் கவனியுங்கள், பின்னால் வரும்.

1965இல் இரண்டாவது நாவல், 'தி டார்க்', லண்டனில் ஃபேபர் வெளியிட்டது. மனைவியை இழந்த ஒரு முரட்டு அப்பன், அவனிடம் அடியும் அதைவிட மோசமானதும் வாங்கி வளர்கிற பையன், அவனுடைய பருவத்து உடம்பு படுத்தும் பாடு, பாதிரியாராகப் போவதா கல்லூரிக்குப் போவதா என்ற திண்டாட்டம். ஒரு பாதிரியார் வீட்டில் ஓர் இரவு, அதில் தொந்தரவூட்டும் ஒரு காட்சி. 1965 அயர்லாந்தில் வீட்டுக்குள்ளும் குருமனைக்குள்ளும் குழந்தைகளுக்கு என்ன நடக்கிறது என்று இவ்வளவு நிதானமாக எழுதிய ஆள் வேறு யார்? பல வருஷம் கழித்து விசாரணைக் கமிஷன்களின் அறிக்கைகளை உங்கள் நாடு தலை குனிந்து படித்தது. அதற்கு எவ்வளவோ முன்னாலேயே ஒரு ஆரம்பப் பள்ளி வாத்தியார் இதைக் கதையாக எழுதி வைத்துவிட்டார். கப்பலில் வந்த பிரதிகளைச் சுங்கத்துறை பிடித்துவைத்தது. 1929ஆம் வருஷச் சட்டத்தின் வழி வந்த தணிக்கை வாரியம் புத்தகத்தைத் தடை செய்தது. அந்தக் காலத்தில் அங்கே நல்ல எழுத்தாளர் பலருக்கும் இது நடந்ததுதான். எட்னா ஓ'பிரையனின் புத்தகங்கள் வரிசையாகத் தடையாகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தடை தனக்கு ஒரு வேடிக்கை மாதிரிதான் இருந்தது என்கிற தொனியில்தான் மெக்கஹெர்னே பிற்பாடு பேசினார். பாரிஸில் சாமுவேல் பெக்கெட் வரைக்கும் விஷயம் போயிற்று. எதிர்ப்பு அறிக்கை விடலாமா என்ற பேச்சு வந்தபோது, முதலில் அந்த எழுத்தாளருக்கு அது வேண்டுமா என்று கேளுங்கள் என்றாராம் பெக்கெட். வேண்டாம், நன்றி என்று சொல்லிவிட்டார் நம் ஆள்.

புத்தகம் தடையானது வேடிக்கை, சரி. வேலை போனது வேடிக்கை இல்லை.

விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பினால், தாளாளரான பங்குத்தந்தை ஊரில் இல்லை, விடுமுறைக்குப் போய்விட்டார். சொல்லவேண்டிய வேலை தலைமையாசிரியர் தலையில். பாவம், அவர் கெட்டவர் இல்லை. இந்தப் புத்தகத்தை எதற்கு எழுதித் தொலைத்தாய், எங்களுக்கெல்லாம் எவ்வளவு தலைவலி என்கிற மாதிரிதான் பேசினாராம். இப்படிப் பேசுகிற தலைமையாசிரியரை எங்களில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் நின்று ஆணையிட்டவர் டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மெக்வெய்ட் என்பதுதான் மெக்கஹெர்ன் சொன்னதும், பின்னால் எழுதியவர்கள் ஏற்றுக்கொண்டதும். காரணம் என்ன என்று பத்திரிகைகள் கேட்டபோது, காரணம் அவருக்கே நன்றாகத் தெரியும் என்ற அளவுக்குத்தான் பங்குத்தந்தையிடமிருந்து பதில் வந்தது. மெமோ இல்லை, விளக்கம் கேட்பு இல்லை, விசாரணை இல்லை. சம்பளம் கொடுத்துவந்த அரசாங்கம், இது நிர்வாகத்துக்கும் ஆசிரியருக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டது. நாடாளுமன்ற மேலவையில் ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன் மாதிரி ஒரு சுயேச்சை உறுப்பினர்தான் எழுந்து நின்று கேள்வி கேட்டார்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

மெக்கஹெர்ன் உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உங்கள் பொறுப்பாளர் ஒருவர் அவரிடம் சொன்னதாக அவர் எழுதி வைத்திருப்பது உலகம் முழுக்கப் பிரசித்தம். வெறும் புத்தகம் மட்டும் என்றால் ஒருவேளை, ஒருவேளைதான், ஏதாவது செய்து பார்த்திருக்கலாம். நீ போய் இந்த வெளிநாட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு உன் கேஸை அடியோடு கெடுத்துக்கொண்டாயே என்றாராம். அதோடு விடவில்லை. இங்கே லட்சக்கணக்கில் அயர்லாந்துப் பெண்கள் புருஷன் கிடைக்காதா என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலையும்போது உனக்கு ஏன் இப்படி ஒரு புத்தி போயிற்று என்றும் கேட்டாராம். மெக்கஹெர்ன் இதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.

பேராயர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் அப்படித்தான், அவருடைய பதவி அப்படி, அவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் கைகழுவியதிலும் ஆச்சரியமில்லை. ஆனால் சங்கம்? தாளாளருடைய தராசை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து உங்கள் மேசையில் வைத்து, அதே எடைக்கல்லைப் போட்டு உங்கள் உறுப்பினரை நிறுத்துப் பார்த்தீர்களே, அதுதான். அவர் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார், எங்கே செய்துகொண்டார் என்பது பணிநீக்க வழக்கில் நிர்வாகம் எடுக்கவேண்டிய வாதம். அதைச் சங்கமே முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டது. சந்தா கட்டினாரா, எந்தத் தேதி வரைக்கும் கட்டினார் என்பதெல்லாம் வேறு கணக்கு, அந்தக் கணக்கைப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. காரணம் சொல்லாமல் ஒரு வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஒருமுறை ஆகிவிட்டால் அடுத்தது சந்தாவை ஒழுங்காகக் கட்டியவனுக்கும் அதுதானே?

நீங்கள் கோழைகள் என்று சொல்ல மாட்டேன், உங்கள் வரலாறு அப்படி இல்லை. 1946இல் டப்ளின் ஆசிரியர்களை ஏழு மாதம் வேலைநிறுத்தத்தில் நிறுத்தினீர்கள். கெர்ரிக்கும் ராஸ்காமனுக்கும் நடந்த அகில அயர்லாந்துக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் குரோக் பார்க் மைதானத்துக்குள் ஆசிரியர்கள் பதாகையோடு இறங்கி, போலீஸிடம் அடி வாங்கினார்கள். கல்யாணம் ஆனால் ஆசிரியை வேலையை விட்டுப் போகவேண்டும் என்று 1930களில் கொண்டுவந்த விதியை எதிர்த்தீர்கள், அது 1958இல்தான் போயிற்று. எங்கள் சங்கங்களும் போராட்டம் நடத்தி ஜெயிலுக்குப் போனவை, அதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த 1946இல்தான் விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேலைநிறுத்தத்தில் ஆசிரியர்களுக்கு அனுதாபம் காட்டிய பெரிய மனிதர் யார்? பேராயர் மெக்வெய்ட். அரசாங்கம் இறங்கி வரவே இல்லை. கடைசியில் பேராயர் கேட்டுக்கொண்டார் என்பதற்காகத்தான் வகுப்புக்குத் திரும்பினீர்கள். தோற்றுப்போய்த் திரும்புகிற நேரத்தில் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர் அவர். அவர் சொல்லி ஒரு வாத்தியாரின் வேலை போகும்போது அவரை எதிர்த்து நிற்க அதற்குப் பிறகு மனசு வருமா? இது என் ஊகம், ஆவணம் எதையும் காட்ட முடியாது. ஆனால் ஒரு போராட்டத்தில் உதவி செய்த பெரியவருக்கு அடுத்த இருபது வருஷம் சங்கம் வட்டி கட்டுவதை நான் இங்கே பார்த்திருக்கிறேன்.

வேலை போனதால்தான் மெக்கஹெர்ன் நல்ல எழுத்தாளர் ஆனார், வாத்தியார் வேலையிலேயே இருந்திருந்தால் ஓய்வூதியத்தோடு முடிந்திருப்பார் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். பேச்சுக்கு நன்றாக இருக்கும். மெக்கஹெர்ன் லண்டன் போனார், கிடைத்த வேலையைப் பார்த்தார். 'தி டார்க்'குக்கு அடுத்த நாவல் வந்தது 1974இல், இடையில் ஒன்பது வருஷம் (1970இல் ஒரு சிறுகதைத் தொகுதி வந்தது). அந்தத் திருமணமும் நிலைக்கவில்லை. 1974இல் வந்த 'தி லீவ்டேக்கிங்' எதைப் பற்றி? பள்ளியில் தன் கடைசி நாளைக் கழிக்கிற ஒரு வாத்தியாரைப் பற்றி. மாலையில் வேலை போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அம்மாவின் சாவு நினைவுக்கு வருகிறது. நாவலின் முதல் பாதியைப் படித்தால் எங்களில் யாருக்கும் வயிற்றைப் பிசையும். இரண்டாம் பாதி அவருக்கே திருப்தியில்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து வேலை செய்யும்போது குறை தெரிந்து, பத்து வருஷம் கழித்து 1984இல் திருத்தி மறுபடி வெளியிட்டார். அச்சான நாவலைத் திரும்ப எழுதுகிற அளவுக்கு அந்த விஷயம் அவரை விடவில்லை. இதையெல்லாம் நல்லதற்குத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கரான மேடலின் கிரீனை 1973இல் மணந்தார். அம்மா பாடம் நடத்திய அதே லீட்ரிமுக்குத் திரும்பி, ஃபாக்ஸ்ஃபீல்டில் ஏரிக்கரையோரம் சின்னப் பண்ணை, கொஞ்சம் மாடுகள், எழுத்து. 1990இல் 'அமங்ஸ்ட் விமன்'. விடுதலைப் போரில் கெரில்லாவாகச் சண்டை போட்ட மோரன், வயதான பிறகு வீட்டுக்குள் ஒரு சர்வாதிகாரி. தினமும் மாலையில் எல்லோரும் மண்டியிட்டு ஜெபமாலை சொல்லவேண்டும். மகள்கள் அவருக்குப் பயப்படுகிறார்கள், அதே அளவுக்கு அவரை விட்டு விலகவும் முடியவில்லை. மூத்த மகன் லூக் மட்டும் லண்டன் போனவன் போனவன்தான். கொடுமைக்கார அப்பாவைப் பற்றி ஆயிரம் நாவல் இருக்கும். அந்தக் கொடுமைக்காரனிடம் பிள்ளைகள் ஏன் திரும்பித் திரும்பி வருகிறார்கள் என்று இவ்வளவு நேர்மையாக எழுதியதை நான் வேறெங்கும் படிக்கவில்லை. புக்கர் இறுதிப் பட்டியலுக்குப் போயிற்று, தொலைக்காட்சித் தொடராக வந்தது. உங்கள் ஊர்ப் பள்ளி இறுதித் தேர்வுக்கான நூல் பட்டியலிலும் ஏறியது. வகுப்புக்குள் நுழையக்கூடாது என்று சொல்லப்பட்டவரின் நாவலை வகுப்பில் நடத்தினார்கள்!

2006 மார்ச்சில் இறந்தார். ஆகாவில்லன் தேவாலய முற்றத்தில், அம்மாவின் பக்கத்திலேயே அடக்கம். புகழ்ந்து பேச்சு எதுவும் வேண்டாம், ஊரில் மற்றவர்களுக்கு நடப்பது போன்ற சாதாரணப் பூசை போதும் என்று சொல்லியிருந்தார். நம்பிக்கையை இளமையிலேயே விட்டவர், ஆனால் சபை தனக்குக் கொடுத்த மொழியையும் சடங்கையும் கடைசி வரை மரியாதையோடுதான் பேசினார். வேலையைப் பறித்த நிறுவனத்தைப் பற்றி இப்படிப் பேச எவ்வளவு பெரிய மனசு வேண்டும். அவரே கோபப்படவில்லையே, நீ யார் கோபப்பட என்று நீங்கள் கேட்கலாம். அவர் கோபப்படாதது அவருடைய சொத்து. அதை நீங்கள் உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் மாறியிருக்கிறீர்கள், அதையும் சொல்லவேண்டும். ஓரினச் சேர்க்கையாளர்களான ஆசிரியர்கள் தாளாளருக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த நிலைமையை எதிர்த்து உங்கள் சங்கத்துக்குள்ளேயே ஒரு குழு இயங்கியது, சங்கம் அவர்களோடு நின்றது. தங்கள் சமய நெறிக்கு ஒத்துவராத ஆசிரியரை ஒதுக்கிவைக்கச் சமயப் பள்ளிகளுக்குச் சலுகை கொடுத்த சட்டப் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. 1965இல் இருந்த சங்கமாக இருந்திருந்தால், நீ ஏன் போய் இப்படி என்று ஆரம்பித்திருக்கும்.

அதனால் நான் கேட்பது மன்னிப்பு இல்லை. மன்னிப்பை வாங்கிக்கொள்ளவேண்டியவர் இல்லை, கொடுக்கவேண்டியவர்களும் இல்லை. கேட்பது இரண்டு விஷயம். அந்தச் சந்திப்பைப் பற்றிய குறிப்போ செயற்குழுத் தீர்மானமோ கடிதமோ எதுவாக இருந்தாலும் உங்கள் அலமாரியில் இருப்பதை அப்படியே பொதுவில் வையுங்கள், ஏற்கெனவே வைத்திருந்தால் மிகவும் நல்லது. இன்னொன்று, வருஷாவருஷம் ஈஸ்டர் வாரத்தில் மாநாடு போடுகிறீர்களே, அதற்குப் புதிதாக வருகிற இளம் ஆசிரியர்களின் கையில், உறுப்பினர் அட்டையோடு சேர்த்து, மெக்கஹெர்ன் அந்த நாளைப் பற்றி எழுதிய பக்கங்களை அச்சடித்துக் கொடுங்கள். சங்கத்தின் வெற்றிகளைச் சொல்கிற புத்தகம் எல்லாச் சங்கத்திடமும் இருக்கிறது, எங்களிடமும் கனமாக ஒன்று உண்டு. நாங்கள் கைவிட்டவர்களின் பட்டியல் எங்களிடமும் இல்லை. நீங்கள் ஆரம்பித்தால் அதைக் காட்டி இங்கே எங்கள் பொறுப்பாளர்களிடம் நான் கேட்க முடியும், எனக்கு அதில் ஒரு சுயநலம்.

இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் 'அமங்ஸ்ட் விமன்' என்பேன், இருநூறு பக்கத்துக்குள்தான். தன்வரலாற்றை அதற்குப் பிறகு எடுங்கள். 'தி டார்க்'கைத் தடை செய்யும்படி அதில் அப்படி என்ன இருக்கிறது என்ற ஆவலில் முதலில் அதைத் தேடிப் போனீர்களானால் ஏமாந்துபோவீர்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத ஓர் ஆசிரியர்